குரோஷியாக்காரர் இறந்த தேதி

ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குரோஷியக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு. உலக மனிதர்களைப் பற்றிய தமிழ்க் களஞ்சியத்துக்காக பெங்களூர்ப் பதிப்பகம் ஒன்று கேட்டிருந்தது. ஆசிரியர் வசந்தி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இது ட்ரையல் சார். தேதியில தப்பு வந்தா அடுத்தது கிடையாது."

"சுரங்கத்து டைம் ஆபீசுல முப்பது வருஷம் மேடம். ஒரு தேதி தவறினதில்ல."

கவிஞரின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. குரோஷியாக்காரர் என்றே ஆகிவிட்டார். அந்நாட்டுச் சட்டசபையில் லத்தீன் ஒலித்த காலத்தில் தாய்மொழியில் பாட்டெழுதியவர். தணிக்கை அதிகாரி வெட்டிய வரிகளின் இடத்தை வெள்ளையாகவே அச்சிட்டவர். பிறகு அதே சபைக்கு உறுப்பினராகப் போய், அங்கும் தாய்மொழியில் பேசினார்.

தேதிகளை மூன்று நூல்களில் ஒப்பிட்டேன். அவர் இறந்தது அதிகாலை இரண்டு மணிக்கு. மூன்றும் ஒருநாள் தள்ளித் தேதி போட்டிருப்பதாக எனக்குப் பட்டது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இயக்கிய நண்பர் மணியிடம், ராத்திரி இரண்டு மணி எந்த நாள் கணக்கு என்று கேட்டேன்.

"இன்னா நைனா இதுல சந்தேகம்? ராத்திரி எறங்கனவன் காலையில ஏறுவான். நடுவுல இன்னா நடந்தாலும் எறங்கன தேதிதான்."

தேதியை ஒருநாள் முன்னால் மாற்றினேன். மூன்று நூல்களும் தவறு என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். எங்கள் ஊர்க் கோரமண்டல் நிலையத்தில் ரயிலேறி பெங்களூருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வசந்தி படித்துவிட்டு நிமிர்ந்தார். "மூணு புக்கும் ஒரே தேதி. நீங்க மட்டும் ஒருநாள் முன்னாடி. எதை வச்சு சார்?"

"நைட் ஷிப்ட் மேடம். அது முந்தின நாள் கணக்கு."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"அவரு வீட்டுக் கட்டில்ல செத்தாரு சார். சுரங்க ஷாஃப்டுல இல்ல."

"என் தப்புதான். ட்ரையல் முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. தேதியைத் திருத்தி, அந்த அடிக்குறிப்பை நீங்களே அடிச்சிடுங்க."

அடித்தேன். பேனாவை மூடுமுன் அடுத்த கோப்பை என் பக்கம் நகர்த்தினார். "தப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டவுடனே சொன்னீங்களே, அதுக்குத்தான்."

இப்போதெல்லாம் ஒரு தேதியை எடுத்தெழுதுமுன், அதைப் பதிந்தவருக்கு நாள் எப்போது தொடங்கியது என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பி மணியிடம் சொன்னேன்.

"அப்போ அந்த ஊர்ல நைட் ஷிப்டே இல்லியா?"