கறுப்பு ஷார்ட்ஸும் மூன்று கொடிகளும்

பெங்களூரில் அந்த வருஷங்களில் ஒரு பெண் தனியாகச் சைக்கிள் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் அவளுக்குப் பின்னால் பிள்ளை ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். என் விஷயத்திலும் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும், குழந்தைக்கு என்ன வயசு மேடம் என்று கேட்டார். முப்பத்தேழு என்றேன். மனுஷர் சிரிக்கவில்லை. கூடை வைத்த ரோஸ் நிற லேடீஸ் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, கூடையில் காய்கறி எவ்வளவு பிடிக்கும் என்று விளக்க ஆரம்பித்தார்.

நான் கேட்டது கியர் சைக்கிள். அது ஜென்ட்ஸ் ஓட்டுவது என்றார். ஓட்டட்டும், எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். சைக்கிளை வாங்குவதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். அதன்மேல் என்ன உடுத்திக்கொண்டு உட்காருவது என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது.

முதலில் சல்வார் கமீஸ். அல்சூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் சல்வாரின் கால் செயினுக்குள் போய்விட்டது. நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்க, ஒரு பூக்காரம்மா நார் அறுக்கிற கத்தியால் துணியை அறுத்து என்னை விடுதலை செய்தாள். மறுநாளிலிருந்து கணுக்காலில் ரப்பர் பேண்ட், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு. ஹெல்மெட் என் கொண்டைமேல் உட்கார மறுத்தது, அதனால் கொண்டை போய்ப் பின்னல் வந்தது. சைக்கிள் ஜெர்சி கேட்டால் ஆண்கள் அளவில் ஒன்றைக் காட்டி, லூசாக இருந்தால் காற்று நன்றாக வரும் மேடம் என்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் எதிர்காற்றில் உப்பிக்கொள்ளும். தெருமுனையில் என்னைக் கண்டதும் நாய்கள் எழுந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க் ஓரத்தில் ஏழெட்டுப் பேர் கூடி எங்காவது ஓட்டிப் போவார்கள். அவர்களோடு சேர்ந்தேன். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் நொண்டுவதை எல்லாரும் பார்த்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்பதால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அமெரிக்காவிலிருந்த என் நாத்தனார்தான் ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பெண்களுக்கென்றே தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். கறுப்பு, உடம்போடு ஒட்டுகிற ரகம், உட்காருகிற இடத்தில் உள்பக்கம் கெட்டியாக ஒரு பேடு. உள்ளே வேறெதுவும் போடக் கூடாது என்று போனில் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அத்தனை கடல் தாண்டி இருந்துகொண்டு. எப்படிக் காய வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அங்கேதான் துணிக்கொடியே கிடையாதாமே.

அந்த ஷார்ட்ஸை நான் போட்டுக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். அதன்மேல் ஒரு ட்ராக் பேண்ட், அதன்மேல் முழங்கால் வரைக்கும் குர்தா. வெளியே தெரிந்தது ஒரு நூல்கூட இல்லை. ஆனால் உள்ளே அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தத் தெம்பில் மிதித்தேன். காலையில் அந்த ஒரு மணி நேரம் அம்மா என்றோ ஏம்மா என்றோ மேடம் என்றோ யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அதற்காகத்தான் இந்த வேஷமெல்லாம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு உயிராக இருந்தது.

எங்கள் வீடு அல்சூரில் கூட்டுக் குடும்பம். கீழே நாங்கள், மேலே என் மைத்துனரும் ஓரகத்தியும். மைத்துனர் என் வீட்டுக்காரரின் அண்ணன். ஓரகத்தி ஆனேக்கல்காரி, என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவளை அக்கா என்பேன். மொட்டைமாடி அவள் ராஜ்ஜியம். அங்கே மூன்று கொடிகள். தெருவைப் பார்த்த முதல் கொடியில் ஆண்களின் வேட்டி, சட்டை, பனியன், ஜட்டி எல்லாம் கூச்சநாச்சமில்லாமல் வெயில் காயும். நடுக்கொடியில் புடவைகள், திரை மாதிரி. அதற்குப் பின்னால் மூன்றாவது கொடியில் ரவிக்கையும் பாவாடையும். பெண்களின் உள்ளாடைகள் அந்தப் பாவாடைகளுக்கு அடியில், அதற்கும் மேலே ஒரு துண்டு. நான் கல்யாணமாகி வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. எங்கள் அம்மா வீட்டிலும் இதேதான், எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

ஷார்ட்ஸை முதல் தடவை துவைத்ததும் நானே அதை மூன்றாவது கொடியில் பாவாடைக்கு அடியில் போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால் அது அங்கே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் எட்டாத மூலையில், ஒரு பழைய துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. அக்காவின் கைவரிசை. உள்பக்கத்துப் பேடைப் பார்த்துவிட்டு, அது எதற்கான துணி என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. சமையலறையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"டாக்டர்கிட்ட காமிச்சியா? வாரத்துல மூணு தரம் துவைக்கிறியே."

சைக்கிளுக்காகப் போடுவது அக்கா, மெத்தை மாதிரி, வேறெதற்கும் இல்லை என்று விளக்கினேன். "ஹௌதா" என்றாள். அவள் கன்னடத்தில் ‘அப்படியா’ என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். தொட்டிக்குப் பின்னால்தான் அது தொடர்ந்து காய்ந்தது. நானும் எடுத்து மாற்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மைத்துனர் மாடியில் பேப்பர் படிக்க வருவார், அவர் கண்ணில் அது படாமலிருந்தால் நல்லது.

இருந்தது ஒரே ஷார்ட்ஸ். ஆடி மாசத்துப் பெங்களூர் குளிர், தூறல். மேல்துணி காய்ந்திருக்கும், பேடு உள்ளுக்குள் சில்லென்று இருக்கும். ஓட்டும்போது உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்று போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்த மாசம்தான் ஒருநாள் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் வாய் விட்டேன்: அடுத்த மாசம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆனேக்கல் போகிறது, நானும் போய் வருவேன். என் வீட்டுக்காரர் ரசத்தைப் பார்த்துச் சிரித்தார். மைத்துனர் சிரிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை, டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார், என் சைக்கிள்மேல் அவருக்கு ஒரு கண். போய் வந்தால் சரி, முடியவில்லை என்றால் சும்மா நிற்கிற சைக்கிளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் நியாயஸ்தர் மாதிரி. என் வீட்டுக்காரர் எனக்குப் பதிலாகச் சரி என்றார். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும்.

புண் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில் எரிச்சல், பிறகு கொப்புளம், பிறகு நாற்காலியில் உட்காரவே பயம். ஆபீசில் நின்றபடியே ஃபைல் பார்த்தேன். சீட்டை இறக்கினேன், ஏற்றினேன், ஸ்பாஞ்சு உறை போட்டேன். லேடி டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பவுடர் எழுதிக் கொடுத்துவிட்டு, ரொம்ப ஓட்டுகிறீர்கள், பெண்கள் உடம்புக்கு இது ஆகாது, விட்டுவிடுங்கள் என்றார். அவர் காரணம் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சைக்கிள்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனேக்கல் ஞாயிறுக்கு முந்தின வாரம் என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் போய், சைக்கிளை உங்கள் வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் போகிறதே என்றுதான் அழுதேன், வேறெதற்கும் இல்லை.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். எங்கே புண், எப்படிப் புண் என்று கேட்டாள். நான் கூச்சத்தோடு சொன்னேன். தொடை இடுக்கில், துணி ஓரம் படுகிற கோடு நெடுக.

"போட்டுக்கும்போது அது காய்ஞ்சிருக்கா?"

முழுசாக இல்லை என்றேன்.

அப்புறம் அவள் சொன்னது எனக்காகச் சொன்னது மாதிரி இல்லை. ஆனேக்கல்லில் அவள் வயதுக்கு வந்த புதிதில் மாசா மாசம் பழைய புடவைத் துணிதான். துவைத்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கோணிக்கடியில் போட்டு வைப்பார்கள், யார் கண்ணிலும் படக் கூடாது. காய்ந்ததோ இல்லையோ, அதைத்தான் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் நடப்பாள். தொடை இடுக்கெல்லாம் புண். நடக்க முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாளாம். வீட்டில் பார்த்தார்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு நடை ஆகாது என்றார்கள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள்.

"நடைதான் ஜாஸ்தின்னாங்க," என்றாள் அக்கா. "நானும் இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

அவள் கையில் கீரைத்தண்டு ஒன்று இருந்தது. அதை ஒடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். பிறகு அவள் எழுந்து மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஒவ்வொரு படியாக ஏறினேன்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்த ஷார்ட்ஸை எடுத்தாள், உள்பக்கத்தை வெளியே திருப்பினாள், முதல் கொடிக்குப் போனாள். மைத்துனரின் பனியன்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி, நடுவில் அதை விரித்து, பேடு வெயிலைப் பார்க்கிற மாதிரி இரண்டு கிளிப் மாட்டினாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண்மணி வற்றல் காய வைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அக்காவும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி வற்றலைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மைத்துனர் பேப்பரோடு மேலே வந்தார். கொடியைப் பார்த்தார். என்ன இது கர்மம் என்றார்.

"சைக்கிளோட வந்தது," என்றாள் அக்கா. "சைக்கிள் வேணும்னா இதையும்தான் போட்டுக்கணும்."

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அதற்கப்புறம் வாக்கிங் போக ஆரம்பித்தார், சர்க்கரையும் கொஞ்சம் குறைந்தது.

அந்த வாரம் முழுக்க நான் ஓட்டவில்லை. வெயிலும் என் பக்கம் இருந்தது, புண் ஆறியது. சனிக்கிழமை மாலை அக்கா மொறமொறவென்று காய்ந்த ஷார்ட்ஸை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊறுகாய் பாட்டிலோ பலகாரமோ கொடுத்தனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். பிறந்த வீட்டு வழியாகப் போகிறவர்களிடம் அவள் ஏதாவது கொடுக்காமல் விட்டதில்லை. இந்தத் தடவை ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து அவள் அம்மா வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள், அவ்வளவுதான். அத்தனை வருஷம் போய் வந்த வீடுதானே அக்கா, உங்களுக்குத் தெரியாதா என்றேன். கல்யாணத்துக்கப்புறம் எப்போதும் ஆட்டோவில்தான் போயிருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பிப் பார்த்ததில்லை என்றாள்.

போனேன். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு வழிவிட்டு, சந்தாபுரத்தில் திரும்பி, மேடெல்லாம் ஏறி. குர்தா போடவில்லை, ட்ராக் பேண்டும் இல்லை. கூட வந்த மரியாதை தெரிந்தவர்கள் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்கள். ஆனேக்கல்லில் அவர்கள் இட்லிக்கு நின்றபோது நான் மட்டும் பள்ளிக்கூட கேட்டுக்குப் போய், அங்கிருந்து அவள் அம்மா வீட்டுக்கு ஓட்டினேன். இரண்டு தெரு, ஒரு கோவில், ஒரு மாவு மில். கியரை மாற்றலாமா என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது. சந்தேகமாக இருந்தது. திரும்பவும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதே தெரு, அதே கோவில், அதே மில்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அதுவே பெரிசு. அக்கா அடுப்படியில் நின்றபடி திரும்பாமல் கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேங்க்கா. பக்கம்தான்."

"ரொம்பப் பக்கமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம் என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். குழம்பைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே இருந்தாள், அடிப்பிடிக்கிற குழம்பு இல்லை அது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடு. வெயில் போறதுக்குள்ள அலசிப் போட்டுடறேன்."