அரியலூர் தண்டவாளத்து ஓரத்தில் எரிகல் படம் எடுக்கப் போன கதை

வானத்தைப் படம் எடுக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, பெரம்பலூர், அரியலூர் பக்கம் நல்ல இருட்டு எங்கே கிடைக்கும் என்றுதான். சொல்கிறேன். அதற்கு முன்னால் 1987 டிசம்பரில் அந்த இருட்டைத் தேடிப் போய் நான் பட்ட பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது நான் திருச்சியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. கையில் ஒரு பழைய ரஷ்யக் கேமரா, மூன்றுகால் ஸ்டாண்டு, தலைமாட்டில் வைக்கும் சாவி கொடுக்கிற அலாரக் கடிகாரம் ஒன்று. கடிகாரம் எதற்கென்றால், நட்சத்திரத்தைப் படம் எடுக்க கேமராவின் ஷட்டர் கதவை முக்கால் மணி நேரம் திறந்தே வைக்க வேண்டும். ஒரு ஒயரை அழுத்தித் திருகிவிட்டால் திறந்தபடி நிற்கும். நடுவில் டார்ச் அடித்து மணி பார்த்தால் படம் கெட்டுப்போகும். அதனால் அலாரம் வைத்துவிடுவேன், அடித்ததும் ஒயரைத் தளர்த்துவேன். ஸ்டாண்டு காற்றில் ஆடாமல் இருக்க, கடிகாரத்தையும் நாலு கல்லையும் ஒரு துணிப்பையில் போட்டு அதன் அடியில் தொங்கவிடுவது வழக்கம். இந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் நடுவில் வருஷாவருஷம் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகல் மழை பொழியும். அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நிலா நள்ளிரவுக்குத்தான் வரும். கூட வருவதாகச் சொன்னவன் என் சிநேகிதன் சவரிமுத்து. வரதராசன்பேட்டைக்காரன், ஆண்டிமடம் பக்கத்தில் வாத்தியார் வேலை. எனக்கு அப்போது சபரிமலைக்கு மாலை. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, ஒரு மாதத் தாடி, காலில் செருப்பு கிடையாது. இருட்டில் நிற்க இதைவிட வசதியான உடுப்பு ஏது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் திருச்சியில் பஸ் ஏறினேன். பெரம்பலூர் சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய்க்குள். பஸ் ஸ்டாண்டில் சவரி காத்திருந்தான். டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் என் ஸ்டாண்டைப் பார்த்து, "சாமி, இதென்ன, சர்வே பண்ணப் போறீங்களா?" என்றார். அரியலூர் பக்கம் ராத்திரியில் நட்சத்திரம் எடுக்கப் போகிறோம் என்றேன். அவர் முகம் மாறியது.

"அங்கெல்லாம் ராத்திரில போவாதீங்க சாமி. பாலம் போனதுலேருந்து சனம் பயந்து கெடக்குது. தெரியாத ஆளுன்னா முதல்ல அடி, அப்பறந்தான் பேச்சு."

அந்த வருஷம் மார்ச்சில் அந்த லைனில் ஒரு பாலத்துக்கு யாரோ குண்டு வைத்து, எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து ஆட்கள் செத்திருந்தார்கள். பேப்பரில் படித்தது எனக்கும் தெரியும். ஆனால் பேப்பரில் படித்த பயம் ஒன்பது மாதம் தாங்குமா? சிரித்துவிட்டு அரியலூர் பஸ்ஸைப் பிடித்தோம். அது முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம்.

முதலில் ரெட்டிபாளையம் பக்கம் போவதாகத்தான் திட்டம். போன பிறகுதான் தெரிந்தது, சிமெண்டு ஆலை வெளிச்சமும் தூசியும் சேர்ந்து வானமே சாம்பல் பூசினாற்போல் இருந்தது. திரும்பி டவுனுக்கு வந்து, மணிக்கு ஐம்பது பைசா என்று இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, எதிர்ப்பக்கம் எட்டு கிலோமீட்டர் மிதித்தோம். எங்கு பார்த்தாலும் முந்திரி மரம், வடகிழக்கு அடிவானத்தை மறைத்தது. மேடான இடம் என்று கிடைத்தது ரயில் பாதைக் கரை ஒன்றுதான். அங்கே ஒரு ஓடைக்குச் சின்னப் பாலம். அதன் தலைப்பில் ஆடாத சிமெண்டு மேடை. ஸ்டாண்டு வைக்கவென்றே கட்டியது போலிருந்தது. டீக்கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனால் அந்த மேடையைப் பார்த்த ஆசை அதை அமுக்கிவிட்டது. மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் ஒன்பது மணிக்கு மேல்தான் என்று சவரி அடித்துச் சொன்னான். அவன் சொன்னது பழைய ரயில் அட்டவணை என்பது பிறகு தெரிந்தது.

சைக்கிளை யாரும் தூக்கிப்போகாமல் இருக்கப் புதருக்குள் படுக்கவைத்தோம். எட்டு மணிக்குக் கேமராவைத் திறந்து, எட்டே முக்காலுக்கு அலாரம் வைத்து, பையைத் தொங்கவிட்டேன். முதல் எரிகல் பச்சையாக நீளக் கோடு இழுத்துக்கொண்டு போனது, கேமரா பார்க்கிற திசையிலேயே. சந்தோஷத்தில் சவரியின் தோளைக் கிள்ளினேன்.

அரை மணி ஆகியிருக்கும். பாதையோரமாக மூன்று லாந்தர் விளக்கு ஆடி ஆடி வந்தது. நேராகக் கேமராவை நோக்கி. படம் போச்சே என்ற பதற்றத்தில் இருட்டுக்குள் இருந்து நான் கத்தினேன்: "விளக்க அணைங்க! கிட்ட வராதீங்க! அதத் தொட்டுடாதீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். குண்டு வைக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

ஐந்து பேர். நாலு பேர் பக்கத்து ஊர் ஆட்கள், கையில் தடி, ஒருவரிடம் அரிவாள். ஐந்தாவது ஆள் ரயில்வே கேங்மேன், தண்டவாளம் பார்க்கிற வேலை, நாற்பது வயதிருக்கும், பெயர் மருதமுத்து. பாலம் போன பிறகு தினமும் ராத்திரி இப்படித்தான் பாதையைச் சுற்றி வருகிறார்களாம். சவரிக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. என் மேல் தடி ஓங்கியபோது லாந்தர் வெளிச்சத்தில் கழுத்து மாலை தெரிந்துவிட்டது. மருதமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

"மாலை போட்டிருக்காரு. கை வைக்காத."

"வேஷம்ணே. தாடியப் பாரு."

"வேஷமோ என்னமோ, மாலை மாலைதான். சாமி, கையை நீட்டுங்க சாமி."

நீட்டினேன். என் துண்டாலேயே கட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு "சாமி" சொன்னார். சவரியின் கையையும் இன்னொருவர் கட்டினார். அரிவாள் வைத்திருந்தவர் எங்களை விட்டு, பின்னால் இருந்த இருட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிக பயம் தந்தது. கோபக்காரனிடம் பேசிப் பார்க்கலாம், பயந்தவனிடம் என்ன பேசுவது?

"நான் வாத்தியாருங்க" என்றான் சவரி. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டதும் அவனுக்கு வாய் குழறியது. நாலு வருஷமாகப் பாடம் எடுக்கிற பள்ளியின் பெயர் வரவில்லை.

அப்போது ஒருவர் ஸ்டாண்டுப் பக்கம் காதைச் சாய்த்தார். "ண்ணே, பைக்குள்ள டிக்கு டிக்குங்குதுண்ணே."

எல்லோரும் பின்வாங்கினார்கள். திடீரென்று அலாரம் அடித்தால் இவர்கள் எங்களை வெட்டியே விடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என நினைத்தேன். "அது வெறும் கடிகாரம். எட்டே முக்காலுக்கு அடிக்கும், பயப்படாதீங்க. கையை அவிழ்த்துவிடுங்க, நானே போய் நிறுத்திடறேன்."

"நிறுத்தறேன்னு போய் அமுத்திட்டீங்கன்னா?" என்றார் மருதமுத்து. அவர் குரலில் கோபமே இல்லை. "எட்டே முக்காலுக்குத்தான் இப்ப மெட்ராஸ் வண்டி இங்க தாண்டுது சாமி."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே தண்டவாளம் ரீங்கரிக்க ஆரம்பித்தது. வளைவில் எஞ்சின் விளக்கு தெரிந்தது. "செவப்பு காட்டு, செவப்பு காட்டு!" என்று கத்தியபடி ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார். இவ்வளவு கிட்டத்தில் எந்த வண்டி நிற்கும்? மற்றவர்கள் கரையில் உருண்டு ஓடைக்குள் விழுந்தார்கள். நானும் கட்டிய கையோடு தரையில் குப்புறப் படுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கடிகாரம், என் கேமரா, உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேரின் பயமும் சேர்ந்து என்னைத் தள்ளியதில், அது வெடிக்கும் என்று அந்த நிமிஷம் நானே நம்பினேன்.

மருதமுத்து மட்டும் ஓடைப் பக்கம் ஓடவில்லை. மேடைக்கு ஓடினார். ஸ்டாண்டு, கேமரா, பை எல்லாவற்றையும் ஒன்றாக வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதையை விட்டு விலகி முந்திரித் தோப்புக்குள் ஓடினார். எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். பிறகு அதன் மேல் குப்புற விழுந்தார்.

அலாரம் அடித்தது.

அவர் வயிற்றுக்கு அடியில் அது அமுங்கி அடித்ததை, வண்டி பாலத்தில் தடதடவென்று தாண்டிய சத்தத்துக்கு நடுவிலும் கேட்டேன். ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம், சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிற ஒரு அம்மா, தூங்குகிற குழந்தைகள். வண்டி போய்விட்டது. சாவி தீர்ந்து மணியும் நின்றது.

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சவரிதான் கட்டிய கையோடு போனான், நான் பின்னால் போனேன். மருதமுத்து அசையாமல் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. மெல்லத் தலையைத் தூக்கிக் கேட்டார்.

"அடிச்சு முடிஞ்சிருச்சா சாமி? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டாண்டைப் பிடித்திருந்த விரல்களை அவரால் தானாகப் பிரிக்க முடியவில்லை. மற்றவர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள். எழுந்து நின்றவர் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். உடனே பதறிப்போய், "சாமி சரணம், சாமி சரணம்" என்று தன் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். விடியும்வரை எங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்தார்கள், கேமராவைத் திறந்து பார்க்கிறவரை நானும் விடச் சொல்லவில்லை. திறக்கும் முன் பிலிமை மட்டும் போர்வைக்குள் வைத்துச் சுருட்டி எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. இருட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் ஆலைகள் பெருகிவிட்டன. ஆண்டிமடம் முந்திரிக்காட்டுப் பக்கமோ, பூலாம்பாடிக்கு மேற்கே மலையடிவாரமோ பாருங்கள். பகல் வெளிச்சத்திலேயே போய், பக்கத்து ஊரில் நாலு பேரிடம் முகத்தைக் காட்டி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ரயில் பாதை, பாலம், சுண்ணாம்புக்கல் குழி, மூன்றின் பக்கமும் ராத்திரியில் தலைவைத்துப் படுக்காதீர்கள். விளக்கோடு யாராவது வந்தால் படம் போனால் போகிறதென்று எழுந்து நின்று முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை ஏன் இங்கே போடவில்லை என்று கேட்பீர்கள். படம் இருக்கிறது. கேமராவின் கதவு கடைசிவரை திறந்துதான் இருந்தது. முதல் பாதியில் நட்சத்திரங்கள் வளைவு வளைவாக ஒழுங்காக நகர்கின்றன, எரிகல் ஒன்று குறுக்கே ஓடுகிறது. பிறகு லாந்தரும் எஞ்சின் விளக்கும் தாறுமாறாகக் கிறுக்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் சட்டென்று நிற்கின்றன. அவர் நெஞ்சு லென்ஸை மூடிய இடம் அது.

மலைக்குப் போய் மாலை கழற்றியதும் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு அரியலூர் போனேன். மருதமுத்து பாதையில் வேலையாக இருந்தார். அந்த வெள்ளைக் கிறுக்கலில் அவர் ஓடிய வழியை விரலால் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்கும் காட்டாதீங்க சார். வூட்ல இன்னும் சொல்லல. மூணு பொட்டப்புள்ளைங்க. ஓடறப்ப எங்கள நெனச்சியான்னு அவ கேப்பா. நெனச்சேன்னு சொன்னா பொய்யி."