வளையத்துக்குக் கீழே

மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடுகிறவர் அவர். மண்ணூர்ப் பக்கம் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று வருஷம் வந்தார். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நுழைவார். வந்ததும் வளையத்துக்கு நேர் கீழே நின்று வலது கையைத் தூக்கிப் பார்ப்பார். ஏதோ உடற்பயிற்சி என்று நாங்கள் சிரிப்போம். பிறகு நான் தூரத்திலிருந்து பந்து போடுவதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். பத்துக்கு எட்டு விழும்.

“வருஷத்துக்கு வருஷம் கை நல்லா வந்துகினு கீதுப்பா” என்பார். அணியில் எடுத்தால் கம்பெனியிலேயே வேலை. அதை நம்பி நான் வேறு எந்த வேலைக்கும் மனுப் போடவில்லை.

படிப்பு முடிந்ததும் மெட்ராஸுக்குத் தேர்வுக்கு அழைத்தார். அங்கே நான் போட்ட பத்துப் பந்தும் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பின.

“உங்க ஊர்க் கம்பம் களிமண்ணுல எறங்கி, வளையம் ஒரு சாண் தாழ்ந்து கீது. மொத வருஷமே பாத்துட்டேன். இங்க வந்து வீச்ச மாத்திக்கிறியான்னு பாத்தேன். நீ மாத்திக்கல” என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வளையம் அதுதான்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, சார்?”

“நான் ஆள் பாக்க வர்றவன்பா. கம்பம் நடறவன் இல்ல.”

அடுத்த வருஷமும் வந்தார். அதே வளையத்தின் கீழே நின்று கையைத் தூக்கினார். பந்தோடு வேறொரு பையன் சிரித்துக்கொண்டு நின்றான். வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் அவனிடம் சொல்லவில்லை.