மழை வேண்டாம் என்ற அம்மா

செலாயாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் குழாய்த் தண்ணீர் நின்று பல நாளாகியிருந்தது. அணையில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். வேலை முடிந்து வந்து, தண்ணீர் லோரிக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு எரிச்சலான எரிச்சல். அம்மா மட்டும் முணுமுணுக்காமல் தூக்கினாள்.

"மழ வந்தா நல்லாருக்கும் லா ஆன்டி" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"வேணாம்மா, இப்ப வேணாம்" என்றாள் அம்மா. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கிறுக்கு என்று நினைத்திருப்பாள்.

அந்த அணைக்குள்தான் எங்கள் ரப்பர் தோட்டம் போனது. தோட்டத்தில் பெரியவர்களை எரிப்போம், சின்னப் பிள்ளைகளைப் புதைப்போம். காய்ச்சலில் போன என் தம்பி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் கிடந்தான். அணை கட்ட வந்தவர்கள் தோட்டத்தைக் காலி செய்யச் சொன்னபோது, வேண்டுமானால் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைத்துத் தருகிறோம் என்றார்கள். "தூங்குற புள்ளைய எழுப்ப வேணாம்" என்று அப்பா மறுத்துவிட்டார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரிடம் சண்டை போடுவது?

அந்த ஞாயிறு, அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் அணைக்குக் கூட்டிப்போனேன். வேலிக்கு அப்பால் செம்மண் தெரிந்தது, பழைய தோட்டச் சாலை தெரிந்தது. மேட்டின் உச்சிகூடக் கொஞ்சம் தெரிந்தது. அம்மா கம்பியை விடவேயில்லை.

"இன்னும் ஓர் ஆள் உயரம் எறங்குனா போதும்டி. தம்பி வெளிய வந்திருவான். பால் ஊத்திட்டு வந்திரலாம்."

காவலாளி மலாய்க்காரர். விஷயத்தைச் சொன்னதும் என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். தண்ணீர் இறங்கட்டும், தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். நல்ல மனுஷன். திரும்பும் வழியில் அம்மா பாசாரில் ஒரு துணிக்கடையில் சின்னச் சட்டை வாங்கினாள். என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டதற்குக் கையால் உயரம் காட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாடிக்கு மாடி விசில், கைதட்டல். பிள்ளைகள் கார்களுக்கு நடுவே நனைந்து ஆடினார்கள். அடுத்த நாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும். மேடு மறுபடியும் முங்கிவிட்டது என்று காவலாளி போனில் சொன்னார். போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். வெளியே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ மண்ணப் போட்டு மூடுனாங்க, ஒரு தடவ தண்ணிய விட்டு மூடுனாங்க" என்றாள் அம்மா. "அப்பெல்லாம் யாரும் கை தட்டலடி."