முகுந்துக்குக் கிடைக்காத அனுமதி

பாலாம்பிகைக்கு நான் ஒருகாலத்தில் இரண்டாயிரம் பவுண் கடன்பட்டிருந்தேன். லண்டன் ஹவுன்ஸ்லோவில் என் முதல் கடைக்கு அவள்தான் சீட்டுக்காசைத் தூக்கித் தந்தாள். ஒன்றரை வருடத்தில் அடைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இன்று மூன்று கடைக்குச் சொந்தக்காரன். ஆனால் இது என் கதையல்ல, அவளுடைய மகன் முகுந்தின் கதை. என் கதை இதைவிட நல்லது.

பாலாம்பிகைக்கு ஆங்கிலம் வராது. சின்ன வயதிலிருந்தே கவுன்சில், ஆஸ்பத்திரி எங்கும் முகுந்துதான் அவளுக்காகப் பேசினான். தாய் சினந்து சொல்வதைப் பணிவாக்கிச் சொல்வான். வாடகை பிந்தினால், அவளுக்கு வராத காய்ச்சலையும் சேர்த்துச் சொல்வான். அதிகாரிகள் சிரித்து அனுப்புவார்கள். கெட்டிக்காரன் என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

கணினி படித்தான். பாதுகாப்பு அமைச்சில் வேலையும் கிடைத்தது. ஆனால் ஆளைப் பற்றி விசாரித்து அனுமதி தந்தால்தான் சேரலாம். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் அவன் கஞ்சா புகைத்திருந்தான். விசாரிக்க வந்த பெண் போதைப்பொருள் பாவித்ததுண்டா என்று கேட்டபோது, ஒருநாளும் இல்லை என்றான். மாற்றிச் சொல்ல ஏதும் உண்டா என்று அவள் திரும்பவும் கேட்டாள். சிரித்துக்கொண்டே இல்லை என்றான். படிக்கும்போது அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனை அவர்கள் முதலே விசாரித்திருந்தார்கள்.

அனுமதி இல்லையென்று தெரிந்த அன்று தாயும் மகனும் கடைக்கு வந்தார்கள்.

"கஞ்சாவாலயோ மறிச்சவை?" என்றேன்.

"இல்லை மாமா. அதை விட்டு ரெண்டு வருஷம். சொல்லியிருந்தால் யோசிச்சிருப்பினமாம். பொய் சொல்லுற ஆளை நம்ப ஏலாதாம்."

"பிறகேன் இல்லையெண்டு சொன்னனீ?"

"அந்த மனிசிக்கு என்ன சொன்னால் பிடிக்கும் எண்டு பாத்தன். வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

துப்புரவு ஷிப்ட் முடித்த உடுப்போடு நின்ற பாலாம்பிகை, "அண்ணை, நீங்கள் ஒருக்கா அவையோட கதைச்சுப் பாருங்கோவன்," என்றாள்.

"பிள்ளை, என்னட்டை மூண்டு கடைதான் இருக்கு. அமைச்சு இல்லை."

அவள் சிரிக்கவில்லை.

வரப்போகும் வேலையை நம்பி, இருந்த வேலையையும் அவன் விட்டிருந்தான். என் கிடங்கில் அரிசி மூட்டை இறக்கச் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமை சம்பளத்தை நீட்டி, "எண்ணிப் பார்," என்றேன்.

"களைச்சுப் போனன் மாமா. நீங்களே எண்ணுங்கோ."

கையை நீட்டினான். உள்ளங்கை உரிந்திருந்தது. அதன்மேல் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தேன்.