சொர்ணவல்லி டீச்சரின் சாய்வுக் கணக்கு

சொர்ணவல்லியைப் புருஷன் ஆத்மநாதன் ஆவுடையார்கோவிலில் பிறந்த வீட்டிலேயே கொண்டுவந்து விட்டது 1930இல். அவன் புதுக்கோட்டையில் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில், சிநேகிதர்கள் கூடியிருந்த ஒரு மாலை, சிலேட்டில் ஒரு சாய்ந்த கோட்டைப் போட்டு, இதன் சாய்வு என்ன என்று அவளைக் கேட்டான். கண்ணில் பட்டதைச் சொன்னாள்: "மேல ஏறுதுங்க." கூடமே சிரித்தது. கொஞ்ச நாளில் அவளைத் தள்ளிவைத்துவிட்டுப் பிரகதாம்பாளைக் கட்டிக்கொண்டான்.

ஆவூரில் சந்தனமேரி என்ற ஆசிரியை வீட்டில் தங்கிப் படித்தாள் சொர்ணவல்லி. மற்ற பாடங்களைப் பரீட்சைக்காகப் படித்தாள். அல்ஜீப்ராவை வஞ்சத்தோடு படித்தாள். y = 2x + 3 என்றால், மூன்று என்பது கோடு கிளம்பும் உயரம், இரண்டு என்பது பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் ஏறுகிற அளவு; அதுதான் சாய்வு. அது விளங்கிய அன்று, இவ்வளவுக்குத்தானா என்னைத் தள்ளினான் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

ஆசிரியப் பயிற்சி முடித்து, புதுக்கோட்டையிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்களில் ஆத்மநாதனின் மகள் அமராவதி அவளுடைய நாலாம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, வந்தாள். டீச்சர் யாரென்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கத்தியைத் தீட்டுகிறவளின் பொறுமையோடு அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள் சொர்ணவல்லி. "வீட்டுல யாரு தப்பாப் போட்டாலும் ஒடனே சொல்லிரணும். பெரியவங்கன்னு பாக்காத" என்றாள்.

ஒருநாள் ஆத்மநாதன் சிநேகிதர்களோடு பேசிக்கொண்டே, டியூஷன் பிள்ளைகளுக்கு (1,5), (3,9) என்ற புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் சாய்வு அரை என்று எழுதினான். அமராவதி எட்டிப் பார்த்தாள்.

"தலைகீழா வகுத்துட்டீங்கப்பா. ஏறுனத நகந்ததால வகுக்கணும். ரெண்டு."

மறுநாள் வீங்கிய கையோடு பள்ளிக்கு வந்தாள். சொர்ணவல்லி முதலில் விசாரித்தது, யார் யார் சிரித்தார்கள் என்பதைத்தான்.

அடுத்த வாரம் அவன் மகளின் படிப்பை நிறுத்தினான். பெஞ்சில் காலி இடத்தைப் பார்த்தபோதுதான், தன் பழிக்கு இந்தப் பிள்ளையும் பலியானாளே என்று சொர்ணவல்லிக்கு மனம் குத்தியது. ஆனாலும் ஆத்திரம் குறையவில்லை, கூடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கென்று கிளம்பிய பிரகதாம்பாள் மகளோடு சொர்ணவல்லியின் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"இவளுக்கு மிச்சத்தையும் சொல்லிக்குடுங்கக்கா. அவருக்குத் தெரிய வேணாம்."

சொர்ணவல்லி பாயை விரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அமராவதி தனியாக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆத்மநாதன் கேட்டபோது, பிரகதாம்பாளே பேரைச் சொன்னாள். தள்ளிவைத்தவளிடமே மகள் கணக்குப் படித்துத் தேறினாள் என்ற பேச்சு பரவ, ஊரில் தலைகாட்ட முடியாமல் அவன் திருமயத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். பிரகதாம்பாள் கூடப் போகவில்லை.