ரோசலின் மிஸ்ஸியும் எங்கள் வீட்டு வெட்கமும்

செய்தி அத்தானின் சைக்கிளில் வந்தது. மண்ணெண்ணெய் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனவர் வெறும் போத்தலோடு திரும்பி வந்து, சைக்கிளைச் சாத்தாமல் முற்றத்திலேயே நின்றார். "ரோசலின் மிஸ்ஸி போயிட்டா. காலம கிளினிக்குக்கு வெளிக்கிடக்குள்ள நெஞ்சப் பொத்திக்கிட்டு இருந்தவவாம். மறுகா எழும்பல்ல." அயல்வீடுகளுக்குச் சொல்லிவர என்னை அனுப்பினார்கள். அதுதான் பிழை. எங்கள் ஊரில் நான் சொல்லி யாரும் எதையும் நம்புவதில்லை. முதல் வீட்டில், "உன்ட பகிடிக்கு ஒரு அளவில்லையாகா? சாவிலயுமா பகிடி?" என்று ஏசினார்கள். இரண்டாம் வீட்டில் படலையைச் சாத்தினார்கள். மூன்றாம் வீட்டு வாசலில் நான் அழத் தொடங்கிய பிறகுதான் ஊர் அழத் தொடங்கியது. ஒரு மரணத்தை நம்பும்படி சொல்லக்கூட எனக்கு வாய் இல்லாமல் போயிற்றே என்று அன்று குனிந்த தலை இன்னும் முழுதாக நிமிரவில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வரியும் பகிடி இல்லை. பகிடிபோல் இருப்பவையும் நடந்தவைதான்.

மிஸ்ஸியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்ட மருத்துவிச்சி அவர். மீதிப் பாதிக்கு ஊசி போட்டவர். மாதம் தவறிய பெண்களை மாதம் தவறாமல் பார்க்க வந்தவர். நாவற்குடாவிலிருந்து பஸ், பஸ் இல்லாவிட்டால் சைக்கிள், பிறகு துறையில் தோணி. வெள்ளைச் சீலை, ஒரு கறுத்தக் குடை, மருந்துப் பை. குரல் மட்டும் தோணிக்கு முன்னால் கரைக்கு வந்துவிடும்.

எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் அவர் கிளினிக் நடத்திய நாட்களை நினைத்துப் பாருங்கள். மனைவியைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வரும் கணவர்மார், அவளை இறக்கியதும் தமக்கும் அவளுடைய வயிற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதுபோல வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். மிஸ்ஸி வெளியே வருவார். "பொஞ்சாதிமார உள்ளுக்கு அனுப்பிற்று மரத்துக்குக் கீழ அடைகாக்கிற ஆக்கள் எல்லாம் எழும்பி வாங்க!" ஓடியவர்களும் உண்டு. அகப்பட்டவர்களை மனைவிக்குப் பக்கத்தில் இருத்திக் கேள்வி கேட்பார். "பஸ் இல்ல, பாதை பூட்டு. இவவுக்கு நோவு கண்டிற்று. நீ என்ன செய்வாய்?" ஒருவன் சொன்னான், "மிஸ்ஸியக் கூப்பிடுவன்." "மிஸ்ஸி செத்துப் போனா?" மண்டபமே சிரித்தது. இப்போது அதை எழுதும்போது கை நிற்கிறது. தோணி யாருடையது, ஆமிக்குக் காட்ட வெள்ளைத் துணி எங்கே இருக்கிறது, கட்டி வைத்த பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கணவனும் மனைவிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். கடைசியாக ஒன்று கேட்பார். "நீ பயப்படுறியா? பயப்படுறன் எண்டு இவவிட்ட சொன்னியா?" அதற்குத்தான் எல்லாரும் திரும்பி வேப்பமரத்தைப் பார்ப்பார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அக்கா கலியாணம் முடித்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்வீடு அக்காவுக்குப் போயிற்று. அத்தான் வந்து குடியேறினார். அம்மாவும் அப்பாவும் நானும் அதே வளவின் பின்பக்கம் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்கு மாறினோம். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் வீட்டை மகளுக்குக் கொடுக்கும் தாய், பிள்ளை பெறும் வேலையையும் அத்தோடு கையளித்துவிட்டாள் என்றுதான் ஊர் நினைக்கும். எங்கள் அம்மா வீட்டைக் கொடுத்தார். வேலையை முழுதாகக் கையளிக்கவில்லை. அக்காவுக்கு மசக்கை கண்ட அதே காலத்தில் அம்மாவுக்கும் நாள் நின்றிருந்தது. வயது வந்தால் நிற்பதுதானே என்று அவர் நினைத்துக்கொண்டாராம். வயிற்றுக்குள் அசைந்த பிறகுதான் நின்றதன் காரணம் தெரிந்தது. அக்கா வாயும் வயிறுமாக இருந்தாள். அம்மா வயிறாக மட்டும் இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அது கிடுகுச் சுவர் வழியாகத் தெரிந்தது. "மருமகன்ட மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிற?" என்றார் அப்பா. "ஏன், நான் தனியப் போய் வாங்கிக்கொண்டு வந்தனா?" என்றார் அம்மா. அதன் பிறகு இருவரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். மீன் படாத நாளிலும் தோணியிலேயே இருந்தார். எனக்கு வந்த வெட்கமும் சின்னதல்ல. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது நான். இந்த விசயம் வெளியில் வந்தால் எனக்கு என்னென்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று நானே யோசித்துப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன.

அக்காவுக்குக் கிளினிக் நாள் வந்தால் அம்மா அந்தப் பக்கமே போகமாட்டார். தாயும் மகளும் ஒரே வாங்குப் பலகையில் வயிற்றோடு இருப்பதா என்ற வெட்கம். ஒரு நாள் மிஸ்ஸி அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அம்மா அகலமாகச் சீலையைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுபோனார். மிஸ்ஸி கோப்பையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "கால் என்னகா இப்பிடி?" "வாதம் மிஸ்ஸி." மிஸ்ஸி குனிந்து கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. "வாதத்துக்கு எத்தின மாசம்?" என்று கேட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் வெட்கம்தான். மிஸ்ஸி மட்டும் பிரஷர் பார்க்கும் பட்டியை எடுத்து அம்மாவின் கையில் சுற்றினார். பார்த்து முடித்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெக்கம் புள்ள பெறாது கா. வயிறுதான் பெறும். எங்க உன்ட புரிசன்?"

அப்பா கரையில் நின்றவர், மிஸ்ஸி வருவதைக் கண்டதும் தோணியைத் தள்ளப் பார்த்தார். மிஸ்ஸி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தோணியில் ஏறி இருந்துவிட்டார். "அண்ணன், என்னத் துறையில கொண்டுபோய் விடுங்க." என்னையும் ஏறச் சொன்னார். நடு வாவிக்குப் போனதும் தொடங்கினார். ஓட வழி இல்லாத இடம் பார்த்துத்தான் அவர் பேசினார் என்று பிறகு விளங்கிற்று. நான் தோணியில் இல்லாத தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு, காது கேட்காதவள்போல் குனிந்திருந்தேன்.

"ஊர் சிரிக்கும் மிஸ்ஸி," என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். செத்தவீட்டுக்கு அழ வாறத விட இது நல்லந்தானே."

அப்பா தண்ணீரில் சவள் போடுவதை நிறுத்தினார்.

"உங்கட வெக்கத்துக்குப் பிரஷர் இல்ல அண்ணன். அவவுக்கு இருக்கு. இப்பிடியே விட்டா வலிப்பு வரும். தாயுமில்ல, புள்ளயுமில்ல."

தோணி தன்பாட்டுக்குக் கொஞ்சத் தூரம் போயிற்று. "நான் அவளோட கதைச்சுக் கனகாலம்," என்றார் அப்பா. "எனக்கு அவளப் பாக்கப் பயம் மிஸ்ஸி. இந்த வயசில அவளுக்கு இப்பிடிச் செஞ்சு போட்டனே எண்டு." அப்பாவின் வாயில் 'பயம்' என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை, ஆமிக்காரன் தோணியைச் சோதித்த நாளில்கூட.

"இத எனக்கு ஏன் சொல்றீங்க? அவவிட்டச் சொல்லுங்க," என்றார் மிஸ்ஸி.

அப்பா சொன்னாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேரும் போனார்கள்: அக்கா, அம்மா, பின்னால் பத்தடி தள்ளி அப்பா. வாங்கில் இருந்த ஒருத்தி, "என்னகா, தாயும் மகளும் போட்டியா?" என்றாள். "போட்டிதான். பரிசு நான்தான் குடுக்கிற. உன்ட புரிசனையும் கூட்டி வா, சேத்து விடுறன்," என்றார் மிஸ்ஸி. அப்பா தலையைத் தூக்கவில்லை. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து தோணியைக் கரையில் தயாராகக் கட்டி, சவளையும் வெள்ளைத் துணியையும் அதிலேயே வைத்தார்.

அவை தேவைப்பட்ட நாளில் அப்பா இல்லை. நெல் வாங்க வெல்லாவெளிப் பக்கம் போயிருந்தார். சுற்றிவளைப்பு என்று ஆமிக்காரர்கள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அன்று காலையில் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிது," என்றார். ஊருக்குள் வேறு வீட்டில் இருந்த மிஸ்ஸியை நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பார்த்த உடனே, "ஆஸ்பத்திரிக்கு, இப்பவே," என்றார். அம்மாவால் நடக்க முடியவில்லை. வளவில் இருந்த ஒரே ஆண் அத்தான்.

இங்கேதான் எல்லாம் நின்றது. எங்கள் பக்கத்தில் மாமி மருமகனுக்கு நேருக்கு நேர் நிற்பதில்லை. அத்தான் வாசலுக்கு வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் போவார். 'சோறு போடவா' என்பதைக்கூட என்னிடம் சொல்லி, நான் அத்தானிடம் சொல்லி, அவர் என்னிடம் 'ஓம்' சொல்லி, நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒரு தபாற்கந்தோர். அந்த மருமகன் அந்த மாமியை, அந்த வயிற்றோடு, தூக்குவதா? அம்மா பாயைப் பிடித்துக்கொண்டு, "நான் இஞ்சயே சாகிறன். அவர வெளியில போகச் சொல்லு," என்று என்னிடம் சொன்னார். அத்தானுக்கும் கால் எழும்பவில்லை. வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸி கத்துவார், கன்னத்தில் இரண்டு போடுவார் என்று நான் நினைத்தேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அம்மாவின் சீலைத் தலைப்பை எடுத்து அவர் முகத்தை முழுதாக மூடினார். "நீ அவரப் பாக்க வேணாம். அவரும் உன்னப் பாக்க மாட்டார்." அத்தானிடம் திரும்பி, "மகன், முகத்த அங்கால திருப்பிக்கிட்டுத் தூக்குங்க. நான் வழி சொல்றன்," என்றார். அம்மா பாயை விட்டார். அத்தான் கழுத்தை ஒருபக்கம் திருப்பியபடி, மிஸ்ஸி சொல்லச் சொல்லக் கால் வைத்து, அம்மாவைத் தோணிவரை தூக்கிப் போனார். வெட்கத்தைக் கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்த மனுசி, அன்று அதை ஒரு பச்சைப் பிள்ளையைப்போல் பொத்திக்கொண்டு வந்தார்.

தோணியில் அம்மாவின் தலை மிஸ்ஸியின் மடியில். மேலே குடை. அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு சவள் போட்டார். நான் வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்திருந்தேன். எதிர்க்கரைக் காவலில் இருந்த ஆமிக்காரன் நிற்கச் சொல்லிக் கத்தினான். மிஸ்ஸி சிங்களத்தில் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். கரை தட்டியதும் அவன் துவக்கோடு வந்து குடைக்குள் எட்டிப் பார்த்தான். வயிற்றைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழியை மறித்திருந்த முள்ளுக்கம்பியை விலக்கினான். அவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

அன்று பின்னேரம் தங்கச்சி பிறந்தாள். உள்ளங்கையில் அடங்குவதுபோல் சின்னதாக. அம்மா பிழைத்தார். பிறகு அக்காவுக்கும் மகன் பிறந்தான். மகளின் முதல் பிள்ளைப்பேற்றைத் தாய் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் தாயே படுக்கையில். அப்பா இரண்டு வீட்டுக்கும் வெந்நீர் வைத்தார். பிள்ளைத் துணிகளையும், ஆண்கள் தொடாத மற்றத் துணிகளையும், பட்டப்பகலில் வாவிக்கரையில் வைத்துத் தோய்த்தார். தோணிக்காரர்கள் கூவிச் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துபோயிருந்தது. தோய்த்து முடித்துத்தான் எழும்பினார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அச்சுக்குக் கொடுக்கமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதெல்லாம் எழுதுறதாடி? நாலு சனம் வாசிக்கிற மலர்." நான் கிழிக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார். பிறகு, நான் அறியாத ஒன்றைச் சொன்னார். பாதை திறந்த பிறகு அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, வாட்டுக்கு வெளியே நின்றாராம். மிஸ்ஸி அவரை உள்ளே தள்ளி, திரையை இழுத்துவிட்டு, வேறு யாரும் வராதபடி வெளியே காவல் நின்றாராம். அப்பா கட்டிலின் கால்மாட்டில் இருந்து, வீங்கிய அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து, விடியும்வரை பிடித்துவிட்டாராம். விடியக்குள்ளதான், "எனக்குச் சரியான பயமாக் கிடந்திச்சு," என்றாராம்.

"அதையும் எழுது," என்றார் அம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார்.

எழுதியிருக்கிறேன், மிஸ்ஸி. எழுதும்போது வெட்கமாக இருந்தது. இதை ஊர் வாசிக்கும்போது இன்னும் வெட்கமாக இருக்கும். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்: வெட்கம் போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்காமல், அதையும் கூட்டிக்கொண்டு போய், செய்ய வேண்டியதைச் செய்வது.